புரிஞ்சுது அக்கா

“டீச்சர், என் பேர் ஏன் இல்ல?”

கேட்ட பிறகுதான் தன் குரல் உடைந்திருப்பது யோகப்பிரியாவுக்கே தெரிந்தது.

ஆசிரியராக வேண்டும் என்று சொன்ன பிளஸ் டூ பிள்ளைகள் ஆறு பேர். ஆளுக்கொரு வகுப்பைக் கொடுத்து ஒரு மாதம் கணக்கு நடத்தச் சொல்லியிருந்தது பள்ளி. நாளை காலை மேடையேற்றிப் பாராட்டப் போகிறார்கள். அறிவிப்புப் பலகையில் ஐந்து பெயர்கள்தான் இருந்தன.

ஆறில் ஐந்து! இதற்கு ஒருவருக்குமே கொடுக்காமல் இருந்திருக்கலாம். அவளுடைய அப்பா நாளைக்கென்று லீவு போட்டு, சட்டையைக்கூட இஸ்திரி போட்டு மாட்டிவிட்டார்.

கணக்கு டீச்சர் அருள்மேரி நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“உன் கிளாஸ் எப்படிம்மா?”

“முப்பத்தெட்டுப் பேரும் பாஸ் டீச்சர். ஒரு சத்தம் இருக்காது. புரிஞ்சுதான்னு கேட்டா எல்லாரும் ஒரே குரல்ல சொல்வாங்க. ரகமத்தோட கிளாஸ் சந்தைக்கடை மாதிரி இருக்கு. பாதிப் பேர் ஃபெயிலு. அவ பேரப் போட்டிருக்கீங்க!”

டீச்சர் பேனாவை மூடினார்.

“வா.”

ஆறாம் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் சடாரென்று எழுந்தார்கள், கை கட்டினார்கள், உட்கார்ந்தார்கள். யோகப்பிரியா பழக்கிய பழக்கம். அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

டீச்சர் சாக்பீஸை அவளிடம் நீட்டினார்.

“அரையை விடக் கால் பெரியது. எழுது.”

“டீச்சர்?”

“எழுதும்மா.”

டீச்சர் சிரிக்கிறாரா என்று பார்த்தாள். சிரிக்கவில்லை.

எழுதினாள். அவள் கையெழுத்து அத்தனை அழகு. அந்தப் பொய்கூடப் பலகையில் லட்சணமாக இருந்தது.

“கேளு.”

“புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது அக்கா!”

யோகப்பிரியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சரியாகப் படித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தாள். பலகையைத் தட்டினாள்.

“நல்லாப் பாருங்க. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது அக்கா!”

இந்தத் தடவை இன்னும் சத்தமாக.

மூன்றாவது பெஞ்சில் சுகந்தி என்ற பெண் கையால் நோட்டை மறைத்துக்கொண்டிருந்தாள்.

“கையை எடு” என்றாள் யோகப்பிரியா.

நோட்டில் ஒரு தோசை வரைந்து பாதியாக வெட்டியிருந்தது. பக்கத்தில் இன்னொரு தோசை, நாலாக வெட்டியிருந்தது. கீழே பென்சிலில் குட்டி எழுத்தில், ‘அரைதான் பெருசு’.

“தெரிஞ்சிருக்குல்ல? அப்புறம் ஏன்டி புரிஞ்சுதுன்னு கத்தின?”

சுகந்தி எழுந்து கை கட்டினாள். கண்ணில் நீர் கட்டிவிட்டது.

“நீங்கதானே அக்கா எழுதினீங்க.”

யோகப்பிரியாவுக்கு நினைவு வந்தது. முதல் வாரம் இதே சுகந்திதான் எழுந்து நின்று ஏதோ கேட்டாள். “குறுக்கே பேசாத, உக்காரு” என்று அதட்டி உட்காரவைத்தாள். அன்றிலிருந்துதான் வகுப்பில் சத்தமே இல்லை. அதை வீட்டில் போய்ப் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

அவள் டீச்சரின் பக்கம் திரும்பினாள்.

“தப்புன்னு தெரியுது டீச்சர் இவளுக்கு. தெரிஞ்சும் வாயத் திறக்கல!”

டீச்சர் பலகையை அழித்துக்கொண்டிருந்தார்.

“நேத்து ரகமத்தையும் இதையேதான் எழுதச் சொன்னேன்.”

“எழுதினாளா?”

“சாக்பீஸைத் திருப்பிக் குடுத்துட்டா. என்ன டீச்சர், உடம்பு சரியில்லையான்னு கேட்டா.”

யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டது.

டீச்சர் கைத்தூசியைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

“உனக்கும் தப்புன்னு தெரியும். ஏம்மா எழுதின?”

“நீங்கதானே டீச்சர்…”

பாதியில் நிறுத்தி, சுகந்தியைத் திரும்பிப் பார்த்தாள்.