குரங்குக்கு வயிற்றுவலி

கொன்றைக்குளத்துக் காட்டில் நினைத்தவரெல்லாம் வைத்தியம் பார்த்துவிட முடியாது. யானை நடத்தும் தேர்வில் தேற வேண்டும். தேறியவர்கள் மட்டுமே மற்ற விலங்குகளுக்கு மருந்து கொடுக்கலாம்.

வெகுகாலமாக அந்தத் தேர்வு ஒரே மாதிரிதான் நடந்து வந்தது. யானை ஒரு நோயின் பெயரைச் சொல்லும். வந்தவர் அதற்குரிய மூலிகையைச் சொல்ல வேண்டும். மைனாவைப் போன்றவர்களுக்கு இது எளிது. கீரி சாம்பிக்கு எதுவும் மனதில் நிற்காது. ஏற்கெனவே இருமுறை தோற்றிருந்தது.

அந்தக் கோடையில் ஒரு மான்குட்டி இறந்துபோனது. அதைப் பாம்பு கடித்திருந்தது. போன தேர்வில் முதலாவதாக வந்த காகம்தான் வைத்தியம் பார்த்தது. "கால் வீக்கம்" என்று சொல்லிப் பற்றுப் போட்டுவிட்டுப் பறந்துவிட்டது. காலைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

யானை எல்லோரையும் குளக்கரைக்கு அழைத்தது.

"இனி மனப்பாடம் வேண்டாம். நோயாளியை எதிரே உட்கார வைப்போம். பார்த்து, கேட்டு, தொட்டு, என்ன நோய் என்று சொல்ல வேண்டும்."

மைனாவுக்கு அழுகை வந்தது. "வருடம் முழுக்க அந்த முறைக்குத்தான் படித்தோம். திடீரென்று மாற்றினால் எப்படி ஐயா?"

"மான்குட்டியும் திடீரென்றுதான் செத்தது," என்றது யானை.



நரி மட்டும் கவலைப்படவில்லை. தேர்வு நாளில் உண்மையான நோயாளிகளுக்கு யானை எங்கே போகும்? நன்றாக இருப்பவர்களைத்தான் நடிக்க வைக்கும். நரி புதருக்குப் பின்னால் படுத்து, ஒத்திகை முழுவதையும் பார்த்தது. பிறகு பாறையடியில் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. படிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு நண்டு கொண்டுவந்தார்கள்.

"குரங்கு துடுக்கனுக்கு வயிற்றுவலி. இஞ்சிச் சாறு. முயலுக்குக் காலில் முள். மயிலுக்கு இருமல், துளசி. பார்த்ததும் சொல்லிவிடுங்கள். நின்று யோசித்தால் குழம்பிவிடும்."

"இவ்வளவுதானா?" என்றது மைனா. சாம்பியும் கடைசி வரிசையில் உட்கார்ந்து முணுமுணுத்துப் படித்தது.

தேர்வு நாள் வந்தது. நோயாளிகள் ஆளுக்கொரு புதருக்குள் இருந்தார்கள். யானை வெளியே நின்று பதிலை மட்டும் கேட்டது.

முதல் புதரில் துடுக்கன். காத்திருந்து சலித்துப்போன துடுக்கன், கைக்கு எட்டிய நாவல் பழங்களைத் தின்றது. ஒரு கொட்டை தொண்டையில் சிக்கிக்கொண்டது. குரல் அடைத்துப்போனது. மூச்சு மட்டும் நூலிழையாக உள்ளே போனது.

மைனா உள்ளே வந்தது. துடுக்கன் இரண்டு கைகளாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணால் கெஞ்சியது.

"பிரமாதமாக நடிக்கிறாய்," என்று மைனா மெல்லச் சொன்னது. பிறகு வெளியே குரல் கொடுத்தது. "வயிற்றுவலி ஐயா. இஞ்சிச் சாறு."

"சரி. அடுத்தவர்," என்றது யானை.

அடுத்து அணில் வந்தது. துடுக்கன் அதன் வாலைப் பிடித்து இழுத்தது. அணில் வாலை உருவிக்கொண்டு அதே பதிலைச் சொன்னது. அதுவும் சரி என்றானது.

மூன்றாவதாகச் சாம்பி வந்தது. உள்ளே நுழைந்ததும் அதற்குப் படித்ததெல்லாம் மறந்துபோனது. இஞ்சியா, துளசியா? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. வேறு வழியில்லாமல் சாம்பி நோயாளியைப் பார்த்தது.

"என்ன செய்கிறது உனக்கு?"

பதில் இல்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கை வயிற்றில் இல்லை, தொண்டையில் இருந்தது. கீழே பாதி தின்ற நாவல் பழங்கள் கிடந்தன.

"குனி," என்றது சாம்பி. பின்னால் போய், ஓடிவந்து தன் முழு உடலாலும் துடுக்கனின் முதுகில் மோதியது. மறுபடியும் மோதியது. அதற்கு அடுத்த மோதலில் கொட்டை தெறித்து விழுந்தது. துடுக்கன் தரையில் சாய்ந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டது.

சத்தம் கேட்டு யானை புதரை விலக்கியது. கொட்டையைப் பார்த்தது.

"உனக்கு எப்படித் தெரிந்தது?"

சாம்பிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நரி சொல்லிக்கொடுத்த பதில் மறந்துபோய்விட்டது ஐயா. அதனால்தான் பார்த்தேன்."

யானை தும்பிக்கையால் அந்தக் கொட்டையை எடுத்தது. "நானும் பார்க்கவில்லை," என்று சொன்னது. "தவறான பதிலுக்கு இரண்டு முறை சரி சொன்னேன்."

அன்று சாம்பி ஒன்றுதான் தேறியது. அடுத்த தேர்விலிருந்து யானையும் புதருக்குள்ளேயே நிற்பது என்று முடிவானது. நரியின் வகுப்புக்கு யாரும் வரவில்லை.

மைனா தயங்கித் தயங்கி யானையிடம் வந்தது. "அடுத்த முறை தேர்வு எப்படி இருக்கும் ஐயா?"

"ஒரு நோயாளி இருப்பார்," என்றது யானை. "வேறெதுவும் சொல்வதற்கில்லை."

தேர்வு முறையை எப்படி மாற்றினாலும், அந்தத் தேர்வு யாருடைய நலனுக்காக வைக்கப்படுகிறது என்பதை மறந்து படிப்பவருக்கு அந்தப் படிப்பால் பயனில்லை.