டேராடூன் மழை

"சாமி, வடக்கே போக எந்த மாசம் நல்லது?" என்று கேட்டாள் வடிவு.

சாமி மடத்து முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். தூறல் வலுக்கவே விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு மண்டபத்துக்குள் வந்தார்.

"உக்காருங்கக்கா."

குருவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். சிஷ்யைக்கு அறுபது நெருங்கிவிட்டது. அவள் அவரைச் சாமி என்பாள், அவர் அவளை அக்கா என்பார். புளியரை மலையடியில் இருந்த அந்தச் சின்ன மடத்தில் யாருக்கும் அது விசித்திரமாகப் பட்டதில்லை.

வடிவுக்குக் குற்றாலத்தில் வீடு. மாடி அறைகளை, அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவாள். மலையில் மழை இறங்கி, ஊரில் சாரல் அடித்தால் அங்கே சீசன் என்பார்கள். வெயில் அடித்தால், பாவம், சீசன் இல்லை என்பார்கள்.

"வடக்கேன்னா எங்கக்கா?"

"டேராடூன். மக உலகு கூப்பிடுதா. ஆவணியில பிரசவம். தலைப்பிரசவம் சாமி. ரயில் ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். அதனால நீ வாம்மாங்கா."

"அப்ப இந்த ஆடியிலேயே கிளம்பணும்."

"இப்ப அங்க பேய்மழை. மலை சரிஞ்சு ரோட்டையே காணோம்னு டிவியில காட்டுதான்."

"சரி. விட்டதும் போங்க."

"அது விட புரட்டாசி ஆயிரும். அடுத்தாப்ல நமக்கு ஐப்பசி அடைமழை. இங்கன தண்டவாளமெல்லாம் தண்ணிக்குள்ள கிடக்கும்."

"தை மாசம்?"

"டெல்லிப் பக்கம் பனிமூட்டம். எதிர்ல நிக்க ஆள் தெரியாதாம். டேராடூன்ல குளிர் எலும்புக்குள்ள போகும்."

"வைகாசி?"

"நாக்பூர் வெயில்ல ரயில் பெட்டி இட்லிச் சட்டியா கொதிக்கும் சாமி."

சாமி கொஞ்சம் யோசித்தார்.

"பேரப்பிள்ளைக்குப் பல்லு முளைச்சிரும் போலயே அக்கா."

வடிவு சிரிக்கவில்லை.

"உலகு கல்யாணத்துக்குப் போனீங்களா?"

"தையில வச்சாங்க. பனி. ரயில் ஓடலை."

"ஒண்ணு கூடவா?"

வடிவு முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"அவளாப் பாத்து முடிச்சுக்கிட்டா. ஒன் வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். இப்ப எந்த மூஞ்சியோட போய் நிக்க?"

சாமி முற்றத்துத் தூறலைப் பார்த்தார்.

"அது கிடக்கட்டும். நீங்க மழையைச் சொல்லுங்க," என்றாள்.

சாமி எழுந்து உள்ளே போனார். ஒரு பழைய கறுப்புக் குடையோடு திரும்பி வந்தார். அதை விரித்து, உட்கார்ந்திருந்த அவள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.

மேலே கல் கூரை. மண்டபத்துக்குள் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"என்ன சாமி இது? உள்ள எங்க மழை பெய்யுது?"

"டேராடூன் மழை," என்றார் சாமி. "நனைஞ்சிராதீங்க."

கேலி என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தாள். கேலியாகத் தெரியவில்லை. எழுந்துகொள்ளவா, உட்கார்ந்திருக்கவா என்று அவளுக்குப் புரியவில்லை. வெளியே சாரல் விழுந்துகொண்டே இருந்தது. மலையைக் காணவில்லை.

அப்போது இடுப்பில் இருந்த போன் அடித்தது.

"அக்கா, அருப்புக்கோட்டை தவமணி பேசுறேன். போன வருஷம் உங்க மாடியில தங்கினோமே. சீசன் எப்படி இருக்கு?"

இந்தக் கேள்விக்கு வடிவு என்றுமே யோசித்துப் பதில் சொன்னதில்லை.

"அருமையா இருக்கு தம்பி. ராத்திரி பிடிச்ச சாரல் இன்னும் விடலை. அருவியில தண்ணி அப்படி விழுது."

"கொஞ்சம் குறையட்டும்னு பாக்குறோம்க்கா."

"நல்லா இருக்கே கதை. குறைஞ்சா சீசன் போச்சு. வந்தா இப்பவே வாங்க."

"கைப்பிள்ளை இருக்கு. குடை எடுத்துட்டு வரவா?"

"நனையணும்னுதான வாரீங்க. பெறவு குடை எதுக்கு? பிள்ளைக்கு ஒரு துண்டு..."

வடிவு நிறுத்தினாள்.

தலைக்கு மேலே குடைக் கம்பிகள். ஒன்று துருப்பிடித்து வளைந்திருந்தது. சாமி கையை மாற்றாமல் பிடித்தபடி மலை இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹலோ? அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"சரிக்கா, ஞாயித்துக்கிழமை வந்துர்றோம். நீங்க வீட்டுலதானே இருப்பீங்க?"

முந்தானை நுனி விரலில் இருந்து தானாக அவிழ்ந்தது.

"இருக்க மாட்டேன் தம்பி. சாவியைப் பக்கத்து வீட்டுல வாங்கிக்கிடுங்க."

"என்னக்கா இது, சீசன் நேரத்துல எங்க போறீங்க?"

சாமி குடையை மடக்கினார்.

"சீசனுக்குத்தான்," என்றாள் வடிவு.