தளபதி வீட்டிலிருந்து வந்த ஆயுதம்

செங்கானூர் சமஸ்தானத்துத் தளபதி விஜயரங்கம் நடந்து வந்தால், ஆளுக்கு முன்னே சத்தம் வரும். மார்பில் பதினேழு பதக்கங்கள். துரை புலிவேட்டைக்கு வந்தபோது குடை பிடித்ததற்கு ஒன்று. சண்டை முடிந்த மூன்றாம் நாள் படையோடு போய்ச் சேர்ந்ததற்கு இரண்டு. மற்றவை எதற்கென்று அவருக்கே மறந்துவிட்டது.

அவில்தார் உடையப்பனிடம் ஒரு பதக்கமும் இல்லை. கோட்டை வாசல் சண்டையில் இடது கையைப் பறிகொடுத்தவன் அவன். பதக்கம் இல்லாதவன் அணிவகுப்பில் நிற்பது படைக்கே அவமானம், அவனை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று தளபதி ராஜாவின் காதைக் கடித்தார். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

உத்தரவை எழுத வேண்டியவர் ராயசம் தில்லைநாயகம். அரண்மனை எழுத்து வேலை முழுவதும் அவருடையது. உடையப்பனுக்கு நாலு பெண் குழந்தைகள் என்பது அவருக்குத் தெரியும்.

“இன்று சரஸ்வதி பூஜை, மகாராஜா. என் எழுதுகோல் பூஜைக்குப் போய்விட்டது. நாளைக் காலைவரை தொடக்கூடாது,” என்றார் பணிவாக.

அவரவர் பிழைப்புக்கான கருவியை வாங்கிப் பூஜையில் வைப்பதும் அவர் பொறுப்புதான். தளபதி வீட்டுப் பொருள் மட்டும் இன்னும் வரவில்லை. நேரே அங்கே போய், ஐயா தினமும் கையில் எடுத்து வேலை செய்கிற பொருளைக் கொடுங்கள் என்று தளபதியின் மனைவியிடம் கேட்டார். கள்ளமில்லாத அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு புளி உருண்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மாலையில் ராஜா, தளபதியும் படையாட்களும் சூழ, பூஜை மண்டபத்துக்கு வந்தார். சமையற்காரரின் கரண்டி, தச்சரின் உளி, உடையப்பனின் வாய் சிதைந்த வாள், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். நடுவில் தளபதியின் தாம்பாளம். அதில் புளி.

“இது என்ன, ராயசம்?”

“தளபதியின் ஆயுதம், மகாராஜா. தினமும் பதக்கம் துலக்குவது இதை வைத்துத்தான். அவர் வீட்டு அம்மாளே எடுத்துக் கொடுத்தார்.”

தளபதி கொதித்துப்போய் இடுப்பு வாளை உருவப் பார்த்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். உறையோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தது. பாவம், அதற்கு அவர் என்றைக்காவது வேலை கொடுத்தால்தானே!

ராஜாவுக்கு வெட்கமாகப் போயிற்று. உடையப்பனை நீக்கும் பேச்சு அதோடு ஒழிந்தது. பதினேழு பதக்கங்களையும் கழற்றி அவன் மார்பில் குத்தச் சொன்னார்.

உடையப்பன் தயங்கினான். “எனக்கு இருக்கிறது ஒரு கை, சாமி. இத்தனையையும் தினம் யார் தேய்க்கிறது?”

தில்லைநாயகம் தளபதியைப் பார்த்தார். “கவலைப்படாதேப்பா. பழகின கை சபையிலேயே இருக்கு.”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படியே ஆகட்டும் என்றார்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த கருவியை எடுத்து அவரவர் தொழிலைத் தொடங்கும் நாள். தளபதியும் புளியைக் கரைத்தார்.