தொலைந்துபோன இரட்சிப்பு

வல்லத்தூர்ப் பாளையத்தை ஆண்ட முத்துவிசயத் தேவருக்கு எந்த வழக்கும் ஒரே அமர்வில் தீர வேண்டும். தீராவிட்டால் அதை அவைப் புலவர் குழைக்காதப் பிள்ளையின் தலையில் கட்டிவிடுவார்.

ஒருநாள் கிறிஸ்தவர் இருவர் வந்து நின்றார்கள். ஒருவர் கோயில் உபதேசியார் ஞானாபரணம். மற்றவன் படையில் முரசடித்த அருமைநாயகம். நெஞ்சு வியாதிக்காரன். ஒரு மாதம் தாங்கினாலே அதிகம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

"என் பெண்சாதியைக் கோயில் கல்லறையிலதான் அடக்கம் பண்ணியிருக்கு, மகாராஜா. அவ பக்கத்துல எனக்கும் ஆறடி வேணும். உபதேசியார் தரமாட்டேங்கிறார்" என்றான்.

"ஏன் தரவில்லை?" என்றார் தேவர்.

உபதேசியார் சொன்னார்: "போன சண்டையில் எதிரிகள் எங்களவர் நாலு பேரைப் பிடித்தார்கள். கிறிஸ்துவை மறுதலித்தால் உயிர், இல்லாவிட்டால் தலை என்றார்கள். மூன்று பேர் தலையைக் கொடுத்தார்கள். இவன் மறுதலித்துவிட்டு வீடு வந்தான். ஆண்டவர் தந்த இரட்சிப்பை இழந்துவிட்டான். அதே கல்லறையில் கிடக்கும் அந்த மூவர் நடுவே இவனை எப்படிப் படுக்கவைப்பேன்?"

அருமைநாயகம் நிமிரவில்லை. "வாஸ்தவம்தான். பயந்துட்டேன். அன்னையிலிருந்து அழுதுக்கிட்டுதான் இருக்கேன்."

தேவர் பிள்ளையைப் பார்த்தார். "கண்ணுக்குத் தெரியாத பொருள். இவனிடம் இருக்கிறதா, போய்விட்டதா? மத்தியானத்துக்குள் சொல்லும். சொல்லாவிட்டால் உமக்குச் சாப்பாடு கிடையாது."

பிள்ளை ஏடும் எழுத்தாணியும் எடுத்தார்.

"திருட்டுப் போனதா, தொலைந்ததா?"

"திருட முடியாது. தொலைத்தான்" என்றார் உபதேசியார்.

"எங்கே?"

"எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம்."

"எத்தனை நாளாயிற்று?"

"எட்டு மாதம்."

பிள்ளை எழுதிக்கொண்டார். "மகாராஜா, நம் எல்லைக்குள் தொலைந்த பொருள் ஆறு மாதம் கடந்தால் அரண்மனைக்குச் சேரும். சட்டப்படி இவனுடைய இரட்சிப்பு இப்போது தங்களுடையது. உபதேசியார் இன்றே அதைத் தங்கள் பேருக்கு மாற்றித் தரவேண்டும்."

உபதேசியார் பதறிப்போனார். "அதெப்படி முடியும்? அது அருமைநாயகத்துக்கென்று கொடுத்தது. இன்னொருவருக்குச் சேராது."

"கொடுத்தவர் திரும்ப வாங்கிக்கொண்டாரா?"

உபதேசியார் மெல்லச் சொன்னார்: "என்னிடம் அப்படி அவர் சொல்லவில்லை."

பிள்ளை எழுத்தாணியைக் கீழே வைத்தார். "கொடுத்தவர் வாங்கவில்லை. வேறு யாருக்கும் சேராது. ஆகவே பொருள் உரியவனிடமே இருக்கிறது. மகாராஜா, சாப்பிடப் போகலாமா?"

தேவர் வயிறு குலுங்கச் சிரித்தார். தன் மோதிரத்தைக் கழற்றிப் பிள்ளையின் விரலில் போட்டார்.

உபதேசியார் சிரிக்கவில்லை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அருமைநாயகத்தின் அருகே போனார்.

"அவ பக்கத்துல இடம் இருக்குமா, ஐயா?" என்றான் அவன்.

"அங்கே என் தம்பி இருக்கான். அந்த மூணு பேர்ல அவனும் ஒருத்தன்" என்றார் உபதேசியார். "கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கோன்னு நான் சொல்லிக்கிறேன்."