ஒரு கிண்ணம் உறைமோர்

சென்னியப்பனுக்கு அறுவது தாண்டியாச்சு. அவரோட குரு பூவாத்தாளுக்கு நாப்பது கூட ஆகல. சீடனை அவ "அண்ணா"ம்பா, குருவ அவரு "சாமி"ம்பாரு. மடத்துக்கு வர்றவங்க வாயப் பொத்திச் சிரிப்பாங்க. ரெண்டு பேரும் கண்டுக்கறதில்ல.

சம்சாரம் போய்ச் சேந்ததுலருந்து சென்னியப்பனுக்குத் தெனமும் ஒரே பாட்டுதான். காச்சல்ல கெடந்தேன், ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. செவுத்துகிட்ட பேசிட்டிருக்கேன். நான் செத்தாக்கூட நாத்தம் போயித்தான் ஊருக்குச் சொல்லோணும். கேட்டுக் கேட்டு பூவாத்தாளுக்குக் காது புளிச்சுப் போச்சு.

"அப்படி என்னதாண்ணா கெடுதல் பண்ணீங்க, ஊருக்கு?"

அதுதான் அவருக்கும் வெளங்கல. எந்த வூட்டு விசேசம்னாலும் மொத ஆளாப் போயி நிக்கறவராம். தோட்டத்துத் தேங்காய வீதி பூராக் குடுக்கறவராம். ஆனா, ஒருத்தர் வாசல்லயும் போயி ஒரு தீக்குச்சி கேட்டதில்லையாம். நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொன்னாரு, என்னமோ மலையப் பேத்து வெச்ச மாதிரி.

பூவாத்தா பெருமூச்சு விட்டா. இன்னிக்குப் பாலக் காச்சி வெச்சுட்டு, பக்கத்து வூட்டு மரகதத்துகிட்டப் போயி கொஞ்சம் உறைமோர் வாங்கி ஊத்துங்கன்னு அனுப்பி வெச்சா.

மறுநா வந்தாரு. தயிரு வெட்டி எடுக்கற மாதிரி ஒறைஞ்சுதுங்க சாமின்னாரு. மரகதம் என்ன சொன்னாள்னு கேட்டா, அவளுக்கு எதுக்குங்க தொந்தரவு, கடையில ஒரு தயிர் பாக்கெட் வாங்கி அதுலருந்துதான் ஊத்துனேங்கறாரு.

பூவாத்தா கொஞ்ச நேரம் மேக்கால மலையவே பாத்துட்டு உக்காந்திருந்தா. அந்த மலைக்காவது சொன்னாப் புரியுமேன்னு நெனச்சாளோ என்னமோ. அப்புறம், மறுக்காப் போங்கன்னா.

அடுத்த நா மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தாரு. கூசிக் கூசி ஒரு வழியாக் கேட்டுட்டாராம். மரகதம் வாயெல்லாம் பல்லாக் காச்சல் தேவலையான்னு விசாரிச்சு, தன் கிண்ணத்துலயே மோரு ஊத்திக் குடுத்தாளாம்.

"அப்புறம்?"

"மோரப் பால்ல ஊத்துனதும் கிண்ணத்த வெளக்கி, ஒரு சீப்புப் பழத்தோட அப்பவே கொண்டுபோயிக் குடுத்துட்டேங்க சாமி. ஒருத்தருக்குப் பாக்கி வெக்கறது நமக்கு ஆவாதுங்க. ஆனா அவ மொகம் சுண்டிப் போச்சு. வாங்கிட்டுக் கதவச் சாத்திட்டா. நான் என்னங்க தப்புப் பண்ணேன்?"

பூவாத்தா தலையில அடிச்சுக்கிட்டா.

"அடப் போங்கண்ணா. கிண்ணத்தையாச்சும் ரெண்டு நா வெச்சிருந்திருக்கலாமில்ல? அதக் கேக்கறதுக்காச்சும் உங்க வாசப்படி ஏறியிருப்பா."