பனிப்பூவும் கோழிக்கு விழுந்த திட்டும்

ஏண்டி பவி, இன்னுமா தூங்கல? கட்டில் கிறீச் கிறீச்னு கத்துது. காலை ஆட்டாதே. மூணாவது தோசை வேணுமான்னு கேட்டா "போதுங்க பெரியம்மா"ன்னு பவ்யமா எந்திரிச்சுட்டே. இப்போ உன் வயிறு கத்துறது எனக்குக் கேக்குது. உங்கம்மா ஆஸ்பத்திரியில நல்லாத்தான் இருக்கா, பாப்பா பொறந்ததும் போன் வரும். அதுவரைக்கும் முழிச்சுக்கிட்டே கெடக்கப் போறியா? சரி, ஒரு கதை சொல்றேன். ம் கொட்டணும். கொட்டலேன்னா நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு அவசரக்காரி இருந்தா. பேரு சிட்டம்மா. பேருக்கேத்த மாதிரி ஒரு இடத்துல நிக்க மாட்டா. உலை வெச்சா கொதிக்கறதுக்குள்ள மூடியைத் திறந்து திறந்து பாப்பா. அவ பொறந்தது வெயில் கொளுத்துற ஊரு. குடத்தைத் தூக்கிக்கிட்டு எங்கெங்கயோ போய்த் தண்ணி கொண்டாரணும். அதனால அந்த ஊர்ல யாரு மேலயாவது பிரியம்னா முதல்ல ஒரு சொம்புத் தண்ணியைத்தான் நீட்டுவாங்க.

அப்புறம் அவளைக் கல்யாணம் பண்ணிக் குடுத்தாங்க. எங்கே? மேலே, மலை மேலே, பல்லு கிடுகிடுன்னு ஆடுற குளிர் ஊருக்கு. மாப்பிள்ளை பேரு நஞ்சன். மாமியார் பேரு மாதியம்மா. நல்ல மனுஷிதான். ஆனா அந்த ஊர்ல ஒரு வழக்கம் இருந்துச்சு பாரு, அங்கேதான் வந்துச்சு வினை.

என்ன வழக்கம்னா, வெளியூர்லேர்ந்து மருமக வந்தா, அவ கையில பனிப்பூச் செடியில ஒரு கொம்பை ஒடிச்சுக் குடுப்பாங்க. இப்போ நர்சரியில கமேலியான்னு எழுதி வெச்சிருக்காங்களே, அதுதான். தேயிலைக்கு ஒண்ணுவிட்ட அக்கா. எந்தக் குளிருக்கும் இலை உதிராது, பளபளன்னு பச்சையா நிக்கும். மத்த செடியெல்லாம் குளிர்ல சுருண்டு கெடக்கறப்போ இது மட்டும் செக்கச்செவேல்னு பூக்கும். மருமக அந்தக் கொம்பை வாசப்படி பக்கத்துல நட்டு வளக்கணும். அது பூக்கற வரைக்கும் அவ அந்த வீட்டுக்கு விருந்தாளி. பூத்த அன்னிக்குத்தான் அடுப்பை அவ கையில குடுப்பாங்க.

ம்?

விருந்தாளின்னா சும்மாயில்ல. "வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க." தட்டைக் கழுவப் போனா, "ஐயோ, நீங்க எதுக்குங்க எந்திரிச்சீங்க?" விளக்குமாத்தைத் தொட்டா, "வெச்சுடுங்க வெச்சுடுங்க." கட்டின புருஷன்கூட "தூங்குனீங்களா?"ன்னுதான் கேப்பான். கேக்க நல்லாத்தான் இருக்கும், ரெண்டு நாளைக்கு. அப்புறம்? கை துறுதுறுன்னு இருக்கிற பொண்ணு பாயில உக்காந்து என்ன பண்ணுவா? சிட்டம்மாவுக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. பக்கத்து வீட்டுல மாமியாரும் மருமகளும் சண்டை போடுறது கேக்கும். இவ ஜன்னல்ல நின்னு பொறாமையா கேட்டுக்கிட்டு இருப்பா.

சீக்கிரம் பூக்க வைக்கணும், இந்த வீட்டு மனுஷியா ஆயிடணும். அது ஒண்ணுதான் அவ நெனப்பு.

அப்போ அவளுக்குத் தெரிஞ்ச ஒரே பிரியம் என்ன? தண்ணி. காலையில ஒரு குடம், சளக். மத்தியானம் ஒரு குடம், சளக். சாயங்காலம் ஒரு குடம், சளக் சளக் சளக். மலையில தண்ணிக்கா பஞ்சம், வீட்டுக்குப் பின்னாடியே ஊத்து ஓடுது. செடியைச் சுத்தி ஒரு குட்டிக் குளமே கட்டிட்டா.

ஊர்க்காரங்க போறப்போ வர்றப்போ பாப்பாங்க. ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. விருந்தாளிக்கு யாராவது புத்தி சொல்லுவாங்களா? "நீங்க செஞ்சா சரியாத்தாங்க இருக்கும்"னு சிரிச்சுட்டுப் போயிடுவாங்க.

மாதியம்மாவுக்குத்தான் தாங்கல. நாக்கு நமநமன்னு அரிக்குது. மருமகளைத் திட்ட முடியாது. என்ன பண்ணுச்சு தெரியுமா? கொல்லைப்பக்கம் போய், அங்க மேஞ்சுக்கிட்டு இருந்த புள்ளிக்கோழியைப் பிடிச்சுத் திட்டுச்சு.

"ஏண்டி, அறிவிருக்கா உனக்கு? எந்நேரமும் தண்ணியிலயே நின்னா காலு அழுகிப் போகாதா? ஈரம் காயட்டும்னு ஒரு நாளாவது விட்டியாடி?"

கோழி, "கொக்?"னுச்சு.

சிட்டம்மா உள்ளேயிருந்து கேட்டா. பாவம், கோழி எங்கேயோ தொட்டியில இறங்கிடுச்சு போலன்னு நெனச்சுக்கிட்டா. கூடவே, 'அந்தக் கோழிக்கு வந்த வாழ்வைப் பாரு. அதை வாடி போடின்னு திட்டுறாங்க, என்னை வாங்கங்கறாங்க'ன்னு கண்ணு கலங்கிடுச்சு.

கொஞ்ச நாள்ல செடி மஞ்சளாச்சு. இலை ஒண்ணொண்ணா விழுந்துச்சு, தொப், தொப். பிடுங்கிப் பாத்தா, அடிப்பக்கம் கூழா அழுகிக் கெடந்துச்சு.

"பரவாயில்லைங்க, வேற கொம்பு நட்டுக்கலாங்க"ன்னுச்சு மாதியம்மா, பல்லைக் கடிச்சுக்கிட்டு.

ம் சொல்லு. ஆங்.

ரெண்டாவது கொம்பை நட்டா. இந்தத் தடவை தண்ணியைக் குறைச்சுட்டா, ஒரே வேளைதான். செடியும் தழைச்சு, அவ முழங்கால் உயரம் வந்துடுச்சு. ஆனா எந்த வேளை ஊத்துனா? அவ ஊர்ல வெயில் தாழ்ந்தப்புறம், செடிக்குத் தலையோட குளிர ஊத்துவாங்க. சூடு தணியணும்ல? இவளும் அப்படியே பொழுது சாயற நேரத்துல, இலையெல்லாம் சொட்டச் சொட்ட ஊத்துனா. மழைக்காலத்துல ஒண்ணும் தெரியல. மார்கழி வந்துச்சு.

கொல்லைப்பக்கம் சத்தம் கேட்டுச்சு. "ஏண்டி, பொழுது சாய எவளாவது தலைக்கு ஊத்துவாளா? வெறைச்சுப் போவேடி! காலையில வெயில் ஏறினப்புறம் காலுக்கு மட்டும் ஊத்துனா ஆகாதா உனக்கு?"

"கொக் கொக் கொக்!" கோழிக்கு ரோஷம் வந்துடுச்சு.

சிட்டம்மா யோசிச்சா. கோழிக்குத் தலைக்கு ஊத்துறதா? இந்த ஊர்ல கோழியெல்லாம் எண்ணெய் தேச்சுக் குளிக்குமோ?

மறுநாள் விடியக்காலம் வெளியே வந்தா, முற்றமெல்லாம் வெள்ளை. உப்பைக் கொட்டி வெச்ச மாதிரி உறைபனி. செடி மேல ஐஸு கண்ணாடியாட்டம் மூடியிருக்கு, உள்ளே இலை பச்சையாத்தான் தெரியுது. அழகா இருக்கேன்னு பாத்துக்கிட்டே நின்னா. அப்புறம் மலைக்குப் பின்னாடியிருந்து சூரியன் வந்துச்சு. வெயில் நேரா செடி மேல சுள்ளுனு விழுந்துச்சு. அவ கண்ணு முன்னாடியே இலையெல்லாம் கறுத்துப் போச்சு. தொட்டா மொறுமொறுன்னு அப்பளமா நொறுங்குச்சு.

"பரவாயில்லைங்க..."ன்னு ஆரம்பிச்சுது மாதியம்மா. சிட்டம்மா உள்ளே ஓடிப்போய் முகத்தைப் பொத்திக்கிட்டு அழுதா. அழுதுக்கிட்டே இருந்தவளுக்கு, படக்குனு ஒண்ணு உறைச்சுது. காலு அழுகும்னாங்க, செடி அழுகுச்சு. தலைக்கு ஊத்துனா வெறைக்கும்னாங்க, செடி வெறைச்சுது. அடடா! அந்தத் திட்டு கோழிக்கில்ல. அத்தனையும் எனக்கு வந்தது!

அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பாக்கணுமே. தன்னையும் ஒரு ஆளா மதிச்சு ஒருத்தி திட்டியிருக்கா!

சிரிக்கிறியா? சிரி. ஆனா கண்ணை மூடிக்கிட்டுச் சிரி.

அப்புறம் மூணாவது கொம்பு. இப்போ சிட்டம்மா கொல்லைக் கதவுல காதை வெச்சுக்கிட்டே வளக்குறா. கோழிக்கு, "விரலை விட்டு மண்ணைப் பாருடி, காஞ்சிருந்தா மட்டும் குடி"ன்னு திட்டு விழுந்தா, இவ விரலை விட்டுப் பாத்துட்டுத்தான் ஊத்துவா. "காட்டுச் சருகைக் காலைச் சுத்திப் போட்டுக்கிட்டா கதகதப்பா இருக்கும்ல"ன்னு திட்டு விழுந்தா, கூடை கூடையா சருகு கொண்டாந்து போடுவா. கோழிக்கு ஒண்ணும் புரியல. மாதியம்மாவைக் கண்டாலே விர்ர்னு கூரை மேல ஏறிடும்.

வருஷம் ஓடுச்சு. செடி இடுப்பளவு வந்துச்சு. ஒரு மழைக்காலத்துல மொட்டு விட்டுச்சு. சுண்டைக்காய் மாதிரி, குண்டு குண்டா, கெட்டியா, பச்சையா. ஊரே வந்து பாத்துச்சு. ஆனா அது பனிப்பூ. மொட்டு விட்டாலும் குளிர் வர்ற வரைக்கும் வாயைத் திறக்காது. இன்னிக்குப் பாத்தா பச்சை, ஒரு மாசம் கழிச்சுப் பாத்தாலும் பச்சை. அவசரக்காரி என்ன பண்ணுவா, சொல்லு?

பிரிச்சுட்டா. உள்ளே சிவப்பு வந்துடுச்சான்னு பாக்க ஒரு மொட்டை நகத்தால கீறுனா. உள்ளே ஒண்ணுமில்ல, வெளுத்த இதழ், மடிப்பு மடிப்பா. ஒருவேளை இதுல மட்டும் வரலையோன்னு இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. கை நிக்கவேயில்ல. சுதாரிச்சுப் பாத்தா, உச்சிக் கொம்புல ஒரே ஒரு மொட்டுதான் மிச்சம்.

அன்னிக்குக் கொல்லைப்பக்கம் மாதியம்மா போட்ட சத்தம் மலையில எதிரொலிச்சுது. "அடிப்பாவி! முட்டைக்குள்ள குஞ்சு இருக்கான்னு உடைச்சு உடைச்சுப் பாப்பியாடி? ஒண்ணையாவது விட்டு வையேன்!"

சிட்டம்மா முந்தானையால தன் ரெண்டு கையையும் சேத்துக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டா. இதுவும் போச்சுன்னா இன்னும் எத்தனை வருஷம் இந்த வாங்க, போங்க? நெனைக்கவே பயமா இருந்துச்சு அவளுக்கு.

ம்? பவி? ஆங், கேக்குறே.

அப்புறம் மார்கழி வந்துச்சு. அந்த ஒத்தை மொட்டு பெருசாகி, நுனியில சிவப்பு லேசா எட்டிப் பாத்துச்சு. ஒரு விடியக்காலம். எல்லாரும் இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குறாங்க. இவளுக்குத்தான் படுக்கை கொள்ளாதே, எந்திரிச்சு வெளியே ஓடி வந்தா. பாத்தா, எங்கும் வெள்ளை. மொட்டு மேல கெட்டியா உறைபனி.

திக்குனு ஆச்சு. அடுப்படிக்கு ஓடுனா, வெந்நீர் வெச்சு ஊத்தலாமா? வேண்டாம், அவிஞ்சு போயிடும். மொட்டைக் கிள்ளி உள்ளே கொண்டு போயிடலாமா? ஐயோ, வேண்டாம். கொல்லைக்கு ஓடுனா. "ஏய் கோழி, என்னடி பண்றது? இதுக்கு உன்னை என்ன சொல்லித் திட்டுனாங்க?"

"கொக்."

அப்போ அவளே நெனச்சுப் பாத்தா. அன்னிக்கு ரெண்டாவது செடி எப்போ கறுத்துச்சு? பனி மூடுனப்போ உள்ளே பச்சையாத்தானே இருந்துச்சு. வெயில் சுள்ளுனு அடிச்சப்புறம்தானே கறுத்துச்சு! அப்போ பனி மெள்ளத்தான் கரையணும். வெயில் நேரா படக்கூடாது.

மலை ஓரத்துல வெளிச்சம் வந்துடுச்சு. வீட்டுக்குள்ள ஓடுனா, இருட்டுல கைக்கு அகப்பட்டது ஒரு கம்பளி. அதை எடுத்துக்கிட்டு ஓடி வந்து, செடிக்கும் சூரியனுக்கும் நடுவுல ரெண்டு கையையும் உசத்தி விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னா. நின்னா பவி! ஒரு இடத்துல நிக்காதவ, நின்னா. முதுகுல வெயில் ஏறுது. கை வலிக்குது. வெறுங்கால் பனியில மரத்துப் போச்சு. உடம்பெல்லாம் ஓடு ஓடுங்குது. நிழல்ல அந்த ஐஸு மெள்ள, மெள்ள... சொட். ... சொட். ... சொட்.

அப்போ கதவு டமார்னு திறந்துச்சு. மாதியம்மா, நடுங்கிக்கிட்டே.

"ஏண்டி! என் கம்பளியையாடி உருவிக்கிட்டு வந்தே! குளிர்ல நான் விறைச்சுக் கெடக்கேன், நீ அதைப் பனியில போட்டு இழுக்கறியா? காலுக்குச் செருப்பு இருக்காடி? காய்ச்சல் வந்து படுத்தா யாருடி பாக்குறது, கழுதை!"

சொல்லி முடிச்சுட்டு வாயைப் பொத்திக்கிச்சு. கண்ணு முழி பிதுங்கிடுச்சு. "ஐயையோ... தப்பா நெனச்சுக்காதீங்க..."

சிட்டம்மா கம்பளியை விடல. கண்ணுல தண்ணி தாரையா ஊத்துது. "அத்தை, இன்னொரு தரம் திட்டுங்க அத்தை"ன்னா.

அவ்வளவுதான். அத்தனை வருஷமா அடக்கி வெச்சிருந்ததெல்லாம் மடை திறந்துக்கிச்சு. முதல் செடியைக் குளத்துல மூழ்கடிச்சதுக்கு ஒரு திட்டு, ரெண்டாவது செடிக்கு ஒரு திட்டு, மொட்டைப் பிரிச்சதுக்கு மொட்டுக்கு ஒரு திட்டு. நஞ்சன் எந்திரிச்சு வந்து பேந்தப் பேந்த முழிச்சான். கோழி கூரையில உக்காந்து, தன் பங்கு எங்கேன்னு கழுத்தை நீட்டிப் பாத்துச்சு. திட்டித் திட்டி மாதியம்மாவுக்கு மூச்சு வாங்குச்சு.

"போதும், கையை இறக்கு, பனி கரைஞ்சுடுச்சு. போடி, போய் அடுப்பைப் பத்த வை."

"அத்தை, இன்னும் பூக்கலையே?"

"அது பூக்கறப்போ பூக்கட்டும். எனக்குப் பசிக்குதுடி."

சிட்டம்மா உள்ளே ஓடுனா பாரு ஒரு ஓட்டம்!

அந்தப் பூ? பூத்துச்சு. உள்ளங்கை அகலத்துக்கு, செக்கச்செவேல்னு. ஆனா அது என்னிக்குப் பூத்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. அடுப்படியில மாமியாரும் மருமகளும், களி அடிப்பிடிச்சது யாரால்னு சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க. முதல்ல பாத்தது கோழிதான்.

ம் எங்கே? பவி? ... ஏய், என் போர்வையை ஏண்டி இழுக்குறே? உன்னுது கால்மாட்டுல கெடக்கு பாரு. கேக்காம கொள்ளாம...

சரி, இழுத்துக்கோ. முழுசா இழுத்துக்கோ. நாளைக்கு மூணாவது தோசை வேண்டாங்கன்னு சொல்லிப் பாரு, உனக்கு இருக்கு.

பனியும் கரைஞ்சாச்சு, பூவும் பூத்தாச்சு, கதையும் தீந்தாச்சு. தூங்குடி.