வாசற்கல்லில் இல்லாத செருப்பு

மூன்று வயது வடிவு சமையலறைத் தரையில் எவர்சில்வர் மூடியைச் சுழற்றிவிட்ட சத்தம் அது. முதலில் அகலமாக, சோம்பலாக வரும். பிறகு நெருங்கி நெருங்கி ஒரே நடுக்கமாகிச் சட்டென்று அடங்கும். குழந்தை தரையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று அப்பா ஆதிமூலம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. மூடியைத்தான் மறுபடி சுழற்றினாள்.

அந்தச் சத்தம் இத்தனை வருடமாக அவருக்குள் அடங்கவே இல்லை.

கல்லூரியில் உளவியல் பேராசிரியர். மகளுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த நாளிலிருந்து படித்துக்கொண்டே இருந்தார். பழைய புத்தகம் ஒன்று, தாயின் அன்பில் சூடு இல்லாததுதான் காரணம் என்றது. அது தப்பு என்று அடுத்த புத்தகம் சொல்வதற்குள், அந்தப் பக்கத்தை அவர் மனைவி கோமதி படித்துவிட்டாள். பிறகு குழந்தையை மடியில் எடுக்கும்போதெல்லாம், யாரோ பார்க்கிற மாதிரி ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொள்வாள். சாகும்வரை அப்படித்தான் இருந்தாள்.

இப்போது வடிவுக்குப் பதினேழு. அவருக்கு இரண்டு முறை நெஞ்சுவலி வந்துவிட்டது. மதுரையில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு விடுதியில் இடம் சொல்லியிருந்தார்கள். விடிந்தால் கொண்டுபோய் விட வேண்டும். அதற்கு முன்னால் ஆற்றங்கரை ஆசிரமத்துக்கு வந்திருந்தார்.

ஆசிரமத்தை நடத்திய அம்மையார் அவரைவிடப் பல வயது இளையவர். ஆனாலும் ஆதிமூலம் அவருக்குத்தான் சீடர். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மகளோடு வருவார். மதியம் பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ் ஹாரன் அடித்ததும், வாசற்கல்லில் கழற்றிவிட்ட செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வடிவும் கூடவே நடப்பாள்.

அன்று அவருக்கு உட்கார முடியவில்லை. தூணுக்கும் கதவுக்குமாக நடந்தார்.

"புரொபசர், தரை தேயுது. உட்காருங்க" என்றார் அம்மையார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. நாளைக்கு நான் விட்டுட்டு வந்துட்டா, இவ என்னைத் தேடுவாளா?"

"உங்க படிப்பு என்ன சொல்லுது?"

"தேட மாட்டான்னு சொல்லுது."

"எப்படிச் சொல்லுது?"

"ஒரு சோதனை இருக்கும்மா. ரெண்டு பொம்மை. முதல் பொம்மை கோலிக்குண்டைக் கூடையில வச்சிட்டு வெளிய போகுது. ரெண்டாவது பொம்மை அதை எடுத்துப் பெட்டியில ஒளிச்சிடுது. முதல் பொம்மை திரும்பி வந்து எங்க தேடும்? கூடையிலதானே? அதுக்குத்தான் விஷயம் தெரியாதே. நாலு வயசுக் குழந்தை சரியாச் சொல்லிடும். இவ பெட்டின்னுதான் சொல்வா. தனக்குத் தெரிஞ்சது அடுத்தவங்களுக்குத் தெரியாதுங்கிறது இவளுக்கு எட்டாது. அடுத்தவங்களுக்கு ஒரு மனசு இருக்குங்கிறதே எட்டாது."

"இந்த வயசுலயுமா?"

"போன வாரம்கூடப் பெட்டியைத்தான் காட்டினா."

"பொம்மைக்கு முன்னால உட்கார வச்சு எத்தனை வருஷமாக் கேக்கறீங்க? எனக்கா இருந்தா ரெண்டையும் தூக்கி ஆத்துல போட்டிருப்பேன்."

ஆதிமூலம் சிரிக்கவில்லை.

"சரி, மோட்டார் ரூமுக்குள்ள போய் நில்லுங்க. ஜன்னல்ல வாசலும் கொல்லையும் தெரியும். அவ கண்ணுல படாமப் பாருங்க. நான் கூப்பிடாம வரக்கூடாது."

அவர் போய் நின்றார். அம்மையார் வாசலுக்கு வந்தார். வடிவு படியில் உட்கார்ந்து ஒரு மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணெதிரே, வாசற்கல்லில் கிடந்த ஆதிமூலத்தின் செருப்பைக் கையில் எடுத்து, கொல்லைப்பக்கம் கொண்டுபோய், சமையலறைக் கதவோரம் நிழலில் போட்டார். வடிவு மூடியை நிறுத்திவிட்டு, கட்டட மூலைவரை பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டுப் படிக்குத் திரும்பினாள். பிறகு மறுபடி சுழற்றினாள்.

அம்மையார் மோட்டார் அறைக்கு வந்தார்.

"பஸ் வரப்போகுது. ஹாரன் கேட்டதும் இவ எங்க போவா?"

"எங்கயும் போக மாட்டா. அப்படியே போனாலும் சமையக்கட்டுக்குத்தான். செருப்பு அங்கதானே இருக்கு? அவளுக்குத் தெரிஞ்சது அதுதான்."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

பாலத்துக்கு அப்பால் ஹாரன் அடித்தது. வடிவு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். சமையலறைப் பக்கம் போகவில்லை. வெறுங்காலோடு வெயிலில் இறங்கி நேரே வாசற்கல்லுக்குப் போனாள். அங்கே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத அந்தக் கல்லின் பக்கத்தில் நின்றாள். கால் சுட்டிருக்க வேண்டும். ஒன்று மாற்றி ஒன்றாகத் தூக்கி வைத்தாள். நகரவில்லை.

"பழக்கம்மா" என்றார் ஆதிமூலம். கண்ணை ஜன்னலிலிருந்து எடுக்கவில்லை. "எப்பவும் அங்கதான வந்து நிப்பா. வெறும் பழக்கம்."

"இருக்கலாம். போய்ப் பாருங்க."

அவர் வாசற்கல்லுக்குப் போனார். பதற்றத்தில், செருப்பு அங்கே இல்லை என்பதையே மறந்துவிட்டுக் குனிந்து தேடினார். வடிவு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய வெறும் கால்களைப் பார்த்தாள். சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். இழுத்துக்கொண்டே கட்டடத்தைச் சுற்றி நடந்தாள். சமையலறைக் கதவோரம் வந்ததும் சட்டையை விட்டுவிட்டு உட்கார்ந்து, இரண்டு செருப்பையும் சேர்த்து, அவர் மாட்டிக்கொள்ளத் தோதாகத் திருப்பி வைத்தாள்.

பிறகு மூடியைத் தேடிக்கொண்டு படிக்குப் போய்விட்டாள்.

பஸ் பாலத்தைக் கடந்து போகும் சத்தம் கேட்டது. ஆதிமூலம் செருப்பை மாட்டவில்லை. அதன் எதிரிலேயே நின்றார்.

அம்மையார் வந்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் ஆதிமூலம். "வந்து அங்கதான் தேடுவேன்னு தெரிஞ்சு, அங்க வந்து நின்னிருக்கா."

"ம்."

"ஆனா ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கலையேம்மா."

"முகத்துல செருப்பா மாட்டப்போறீங்க?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படியிலிருந்து மூடி சுழலும் சத்தம் வந்தது. அகலமாக, சோம்பலாக, பிறகு நெருங்கி நெருங்கி.

"அப்போ சொல்லுங்க. அவளுக்கு என்னைப் புரியுதா, இல்லையா?"

அம்மையார் அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"இதே கேள்வியை உங்களைப் பத்தி அவ வந்து எங்கிட்ட கேட்டா, நான் என்ன பதில் சொல்லட்டும், புரொபசர்?"

ஆதிமூலம், அவள் திருப்பி வைத்திருந்தபடியே, செருப்பில் காலை நுழைத்தார்.

மதுரைக்கு அவர்கள் போகவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்து இருவரும் இருந்தார்கள். அவர் இறந்த பிறகு வடிவு ஆசிரமத்துக்கு வந்துவிட்டாள். சமையலறையை ஒட்டிய அறையில் இருக்கிறாள். இப்போது அவளுக்கு நாற்பது வயது.